கம்பெனி கை மாறும்போது: கேட்க வேண்டியதும், கையெழுத்துப் போடக் கூடாததும்

இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனபோது டைம் ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. கம்பெனியின் தொழிலை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது, எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதமாகச் சம்பளம் பாதி பாதியாக வந்துகொண்டிருந்த இடம். அதனால் பலருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். “மூடலையே, அது போதும்” என்றார் பக்கத்து மெஷின்காரர்.

மறுநாள் எச்.ஆர். ஆட்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு தாள்களை நீட்டினார்கள். ஒன்று ராஜினாமாக் கடிதம். மற்றது புதிய கம்பெனியின் நியமன உத்தரவு. பதினாறு வருட சர்வீஸ் உள்ள ஃபிட்டர் அண்ணன் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பதினான்கு மாதம் கழித்து ஆட்குறைப்பு வந்தது. அவருக்குக் கணக்கு எழுதியது ஒரே ஒரு வருடத்துக்கு: பதினைந்து நாள் சம்பளம்.

அந்த இரண்டு தாள்களுக்கு நடுவே என்ன போனது என்பதை அப்போது எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இந்தியச் சட்டம் மட்டுமே இதில் இருக்கிறது.

முதல் படி: எந்த வழியில் கை மாறுகிறது என்று பாருங்கள்

‘புது முதலாளி வந்துட்டார்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அது நான்கு வேறு வேறு சங்கதி. எது என்று தெரியாமல் உரிமை பேசினால் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

பங்குகள் கை மாறுவது முதல் வகை. ஏர் இந்தியாவை டாடா குழுமம் 2022 ஜனவரி 27 அன்று எடுத்துக்கொண்டது இப்படித்தான். கம்பெனி அதே கம்பெனி. அதன் பங்குகளை வைத்திருப்பவர் மட்டும் வேறு. உங்கள் நியமன உத்தரவு, சர்வீஸ், யூனியன் ஒப்பந்தம் எல்லாம் அப்படியே நிற்கும். புது உத்தரவு தர வேண்டிய அவசியமே கிடையாது. ஏர் இந்தியா விற்பனையில் ஒரு வருடத்துக்கு ஆட்குறைப்பு கூடாது, அதன் பிறகு செய்வதானால் விருப்ப ஓய்வுத் திட்டம் தர வேண்டும் என்று அரசு நிபந்தனையும் போட்டிருந்தது. அதைச் சட்டம் தரவில்லை, பேரம் தந்தது. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் அப்படி ஒரு பாதுகாப்பு வரும்.

தொழிலையே தனியாகப் பிரித்து விற்பது இரண்டாம் வகை. குஜராத்தின் சனந்தில் இருந்த ஃபோர்டு ஆலையை டாடாவின் துணை நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2023 ஜனவரி 10 அன்று அது கை மாறியபோது, வேலை வாய்ப்பை ஏற்றுக்கொண்ட ஊழியர்கள் புதிய கம்பெனியின் ஊழியர்கள் ஆனார்கள். இங்கே முதலாளி என்ற சட்ட நபரே மாறுகிறார். சர்வீஸ் அறுபடும் ஆபத்து இந்த வகையில்தான் அதிகம். எங்கள் கம்பெனியில் நடந்ததும் இதுதான்.

மூன்றாவது, கடனில் மூழ்கிய கம்பெனி திவால் சட்டத்தின் கீழ் என்சிஎல்டி என்ற தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், அங்கே புதியவர் ஒருவர் எடுத்துக்கொள்வது. இதற்குத் தனி விதிகள், கீழே வருகிறேன்.

நான்காவதுதான் கசப்பானது. கட்டடத்தையும் மெஷினையும் மட்டும் யாரோ வாங்குவார்கள், ஆட்கள் அந்தப் பேரத்திலேயே இருக்க மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைத்துப் பாருங்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கில் முடங்கிக் கிடந்த சென்னை ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த வருடமே நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பல வருடம் பூட்டிக் கிடந்த பிறகு சால்காம்ப் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பழைய தொழிலாளிக்குச் சால்காம்ப் முதலாளி ஆகவில்லை. இந்த வகையில் உங்கள் உரிமை மூடல் இழப்பீடுதான், அதுவும் பழைய முதலாளியிடம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தில் கேளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் அது இயங்குகிறதா, திவால் நடைமுறையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்னொரு அடையாளம் சம்பளச் சீட்டு. அதில் கம்பெனிப் பெயர் மாறியிருந்தால் தொழில் விற்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இரண்டாம் படி: காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்

கேட் பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் எதுவும் உங்களுடையது அல்ல. நியமன உத்தரவு, வேலை நிரந்தர உத்தரவு, குறைந்தது இரண்டு வருடச் சம்பளச் சீட்டு, யூனியனின் 12(3) ஒப்பந்த (லேபர் ஆபீசர் முன்னிலையில் போட்ட சமரச ஒப்பந்தம்) நகல், ஐ.டி. கார்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். பாஸ்புக். பாஸ்புக்கை இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். பணம் எந்த மாதத்தோடு நிற்கிறது என்று அதில் பாருங்கள். தள்ளாடும் கம்பெனி முதலில் கை வைப்பது அங்கேதான். சம்பளத்தில் பிடித்திருப்பார்கள், கட்டியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: சர்வீஸ் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

பார்சி லைட் ரயில்வே என்று மகாராஷ்டிரத்தில் ஒரு தனியார் ரயில் கம்பெனி இருந்தது. 1954 ஜனவரி 1 அன்று அதை அரசு எடுத்துக்கொண்டது. பழைய கம்பெனி தன் தொழிலாளிகளின் வேலையை முந்தின நாளோடு முடித்தது. அவர்கள் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டுப் போனார்கள். தொழில் நடந்துகொண்டிருக்கும்போது மிகையான ஆளை நீக்கினால்தான் அது ஆட்குறைப்பு, தொழிலே கை மாறினால் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1956 நவம்பர் 27 அன்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் 1957-இல் சட்டத்தைத் திருத்தியது. தீர்ப்புக்கு மறுநாளான நவம்பர் 28 முதலே செல்லும்படி தேதி போட்டது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவுக்குத் தொழிலாளிக்கு உதவும் வடிவம் அப்படித்தான் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் இது 73-ஆம் பிரிவு. எண் மாறினாலும் சாரம் அதேதான்.

சாரம் இது. ஒரு தொழில் கை மாறினால், ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு, அவரை ஆட்குறைப்பு செய்தது போலவே நோட்டீசும் இழப்பீடும் தர வேண்டும். தராமல் இருக்க முதலாளிக்கு ஒரே வழி, மூன்று நிபந்தனைகளையும் சேர்த்து நிறைவேற்றுவது. உங்கள் சர்வீஸ் அறுபடக் கூடாது. புதிய இடத்தின் நிபந்தனைகள் பழையதைவிட எந்த விதத்திலும் குறையக் கூடாது. நாளைக்குப் புதிய முதலாளி ஆட்குறைப்பு செய்தால், பழைய வருடங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அவரே தர வேண்டும் என்று கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு.

இப்போது அந்த இரண்டு தாளைத் திரும்பப் பாருங்கள். ராஜினாமா என்பது நீங்களாகப் போனது. நீங்களாகப் போனவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. புது நியமன உத்தரவில் பழைய சேர்ந்த தேதி இல்லையென்றால் அன்றைக்குத்தான் நீங்கள் பிறந்தீர்கள். ஆக, பழையவரும் தர வேண்டியதில்லை, புதியவரும் தர வேண்டியதில்லை. பதினாறு வருடம் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தரையில் விழுந்துவிட்டது.

அப்படித் தாள் நீட்டினால் நேராக இப்படிச் சொல்லலாம்: “சார், வேலை செய்யத் தயார். ஆனா ராஜினாமா தர மாட்டேன். சர்வீஸ் தொடரும்னு எழுதிக் கொடுங்க.” ராஜினாமாவுக்குப் பதில் பணி மாற்றக் கடிதம் கேளுங்கள். அதில் பழைய சேர்ந்த தேதி, கிராஜுவிட்டிக்கும் (பணிக்கொடை) இழப்பீட்டுக்கும் அந்தத் தேதி செல்லும் என்ற வரி, சம்பளமும் லீவு பாக்கியும் குறையாது என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். புரொபேஷன் என்ற சொல் அதில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு இரண்டாம் முறை புரொபேஷன் எதற்கு?

கட்டாயத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? அன்றைக்கே அல்லது மறுநாளே ஒரு கடிதம் எழுதுங்கள். இது என் விருப்பத்தில் தந்ததல்ல, சர்வீஸ் தொடர்ச்சியை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதி இரண்டு கம்பெனிக்கும் லேபர் ஆபீசுக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எழுதும் கடிதத்துக்கு அந்த மதிப்பு இருக்காது.

புதிய முதலாளியிடம் போகவே பிடிக்காதவர்களும் உண்டு. கொல்கத்தா சால்ட் லேக்கில் பிலிப்ஸ் நிறுவனத்தின் டி.வி. ஆலை வீடியோகான் பக்கம் போனபோது இந்தக் கேள்வி எழுந்தது. சம்மதம் இல்லாமல் ஒருவரை வேறு நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. ஆனால் இழப்பீட்டையும் வாங்கிக்கொண்டு, புதியவரிடம் பழைய வேலையும் உரிமையாக வேண்டும் என்று கேட்க முடியாது. ஆந்திராவின் அனகாபள்ளி சர்க்கரை ஆலை வழக்கில் 1960-களிலேயே அது முடிவாகிவிட்டது.

நான்காம் படி: கணக்கை நீங்களே போட்டு வையுங்கள்

பதினான்கு வருடம் ஏழு மாதம் சர்வீஸ், மாதச் சம்பளம், அதாவது அடிப்படையும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து, 18,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் பதினைந்து வருடமாகக் கணக்கு.

இழப்பீடு என்பது வருடத்துக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம். 18,000-இல் பாதி 9,000. பதினைந்து வருடத்துக்கு 1,35,000. ஒரு மாத நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு 18,000. கிராஜுவிட்டி தனி: 18,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கி, பதினைந்து வருடத்துக்கு 1,55,769. மொத்தம் 3,08,769 ரூபாய். கிராஜுவிட்டிக்கு மாதத்தை 26 நாளாக வகுப்பார்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 30 நாள் கணக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேன்டீனில் இதை வைத்து நாங்கள் அடித்துக்கொண்ட சண்டை கொஞ்சமல்ல.

இன்னொன்று. ‘கடைசி மூணு மாசம் உனக்குப் பாதிச் சம்பளம்தானே வந்தது, அதுதான் சராசரி’ என்பார்கள். ஏற்காதீர்கள். சட்டம் பார்ப்பது சேர வேண்டிய சம்பளத்தை, கைக்கு வந்ததை அல்ல. லே-ஆஃப் (வேலை தர முடியாமல் தற்காலிகமாக நிறுத்திவைப்பது), கதவடைப்பு, சட்டப்படியான வேலைநிறுத்தம், உங்கள் தவறில்லாமல் வேலை நின்ற நாள் எதுவும் தொடர் சர்வீசை அறுக்காது. தள்ளாடிய கம்பெனியில் இந்த நாட்களே பாதி வருடம் இருக்கும்.

ஐந்தாம் படி: கம்பெனி என்சிஎல்டிக்குப் போயிருந்தால்

இங்கே கடிகாரம் வேறு வேகத்தில் ஓடும். தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் நிர்வாகம் இயக்குநர்கள் கையிலிருந்து தீர்வு நிபுணர் ஒருவர் கைக்குப் போகும். கம்பெனி மேல் இருக்கும் வழக்கும் வசூலும் நின்றுவிடும். லேபர் கோர்ட்டில் நீங்கள் வாங்கிய உத்தரவை வைத்து ஜப்தி செய்ய முடியாது. செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வரும், ஆங்கிலத்தில் ஒன்று, வட்டார மொழியில் ஒன்று. கடன் பாக்கி உள்ளவர்கள் தங்கள் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் என்று அதில் இருக்கும். தொழிலாளியும் அங்கே கடன் கொடுத்தவர்தான், உழைப்பைக் கடனாகக் கொடுத்தவர்.

தனியாகத் தாக்கல் செய்தால் படிவம் டி. எல்லோருக்குமாக ஒரு பிரதிநிதி செய்தால் படிவம் இ. யூனியனும் தொழிலாளர்கள் சார்பில் திவால் நடவடிக்கை கேட்டு வரலாம் என்று கான்பூர் ஜே.கே. சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பாக்கி எல்லாம் சேர்ந்து ஒரு கோடி ரூபாயைத் தொட வேண்டும்.

படிவத்தில் சம்பளப் பாக்கியை மட்டும் எழுதிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். லீவு சம்பளம், போனஸ், கிராஜுவிட்டி, கட்டாத பி.எஃப்., ஒப்பந்தப்படி வர வேண்டிய அரியர்ஸ் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். காரணம் இருக்கிறது. புதியவர் கம்பெனியை எப்படி எடுத்து ஓட்டுவார், யாருக்கு எவ்வளவு தருவார் என்று சொல்லும் தீர்வுத் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு, அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பாக்கி எதையும் புதிய முதலாளியிடம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்த்துச் சொல்லிவிட்டது. சுத்தமான சிலேட்டோடு அவர் வருகிறார். உங்கள் பெயர் அதற்கு முன்பே வேறு தாளில் ஏறியிருக்க வேண்டும். அறிவிப்பில் சொன்ன கடைசித் தேதி தவறினாலும் முயற்சியை விடாதீர்கள். நடைமுறை தொடங்கி 90 நாள் வரையாவது தாமதக் கணக்கை வாங்கிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது.

தீர்வு நிபுணர் கம்பெனியை ஓட்டும் காலத்தில் நீங்கள் உண்மையிலேயே வேலை பார்த்தால், அந்தச் சம்பளம் திவால் நடைமுறையை நடத்தும் செலவாகி முதல் வரிசையில் நிற்கும். ஏபிஜி கப்பல் கட்டும் தளத்தின் வழக்கில் 2022-இல் வந்த தீர்ப்பு இது. வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும். பஞ்சிங் மெஷின் ஓடவில்லையென்றால் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் எடுக்க முன்வராமல் கம்பெனி கலைப்புக்குப் போனால், அந்த உத்தரவே உங்களுக்கு வேலை நீக்க நோட்டீஸ், தொழிலைத் தொடர்ந்து ஓட்டினால் ஒழிய. விற்ற பணத்தில் நடைமுறைச் செலவு போக, தொழிலாளிகளின் கடைசி 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் வங்கிகளோடு சமமாக நிற்கும். மேனேஜர், சூபர்வைசர் போன்ற மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கி, அதுவும் அடுத்த வரிசையில்.

பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளில் உங்களுக்குச் சேர வேண்டியது இந்த வரிசையிலேயே இல்லை. அது கம்பெனியின் சொத்தே அல்ல என்று திவால் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தள்ளி வைத்திருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் இதைப் பிடித்துத்தான் வென்றார்கள். 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்திய கம்பெனி அது. புதிய முதலாளிகளாக வந்த கூட்டமைப்பு, திவால் தொடங்கிய நாள் வரையிலான பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை முழுதாகத் தர வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2023 ஜனவரியில் அதில் கை வைக்க மறுத்தது. ஆனால் அந்தப் புதிய முதலாளி சொன்னபடி பணம் கட்டவே இல்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொல்லிவிட்டது. ஆகவே ‘எடுத்துட்டாங்களாம்’ என்ற செய்தியை வைத்து வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஆறாம் படி: பி.எஃப்., கிராஜுவிட்டி, இ.எஸ்.ஐ.

திவால் இல்லாமல் தொழில் விற்பனையாக இருந்தால், விற்கும்வரை கட்டாத பி.எஃப். பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு; வாங்கியவருக்கு அவர் பெற்ற சொத்தின் மதிப்பு வரை. பிடித்துவிட்டுக் கட்டாத மாதங்களைக் குறித்து பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் பதிவு செய்யுங்கள். யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) ஒன்றாகவே இருக்கட்டும். இடையில் பணத்தை எடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். பழைய கம்பெனியின் எச்.ஆர். ‘எடுத்துக்கோங்க, கையில காசு வரும்’ என்று அக்கறையாகச் சொல்வார். எடுத்தால் சர்வீஸ் முடிந்ததற்கு நீங்களே சாட்சி கொடுத்தது மாதிரி ஆகும்.

இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு ஆலை மூடல், ஆட்குறைப்பு நேர்ந்தால் வேலையிழப்பு உதவித்தொகை உண்டு. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

ஏழாம் படி: கூட்டாகப் பேசுங்கள், எழுதி முடியுங்கள்

யூனியன் இருந்தால் விற்பனை முடியும் முன்பே பேச்சுவார்த்தை கேட்க வேண்டும். வாங்குபவர் பணம் கட்டாத வரை உங்களுக்குப் பலம் உண்டு. அவருக்கு அமைதியான கேட் வேண்டும். லேபர் ஆபீசர் முன்னிலையில் சமரச ஒப்பந்தமாகப் போட்டால் அது யூனியனில் இல்லாதவரையும் கட்டும், தொழிலுக்குப் பின்னால் வரும் முதலாளியையும் கட்டும். எச்.ஆர். மெயிலில் வரும் உறுதிமொழி அப்படி எல்லோரையும் கட்டாது.

வந்த பிறகு ஷிஃப்ட், சம்பள அமைப்பு, லீவு போன்றவற்றைப் புதிய முதலாளி மாற்ற நினைத்தால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மூடவே நினைத்தால், 300 தொழிலாளிகளும் அதற்கு மேலும் உள்ள ஆலைக்கு அரசு அனுமதி வேண்டும். பழைய சட்டத்தில் அது 100-ஆக இருந்தது. எந்த வழியில் வேலை முடிந்தாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இதில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரரோடுதான். ஆனால் அவர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் ஆலை முதலாளிதான் தர வேண்டும். படிவம் போடும்போது அவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் யாரும் சொல்லவே மாட்டார்கள்.

ஃபிட்டர் அண்ணன் கதை பாக்கி இருக்கிறது. ஆட்குறைப்புக்குப் பிறகு லேபர் ஆபீசில் மனு போட்டோம். ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். அவர் தன் பையிலிருந்து இரண்டு ஐ.டி. கார்டுகளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு. டோக்கன் நம்பர் மட்டும் இரண்டிலும் ஒன்றே. ராஜினாமா தேதியும் புது நியமனத் தேதியும்கூட ஒன்றே. ஒரு நாள்கூட அவர் வெளியே நிற்கவில்லை. ஆபீசர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலாவது வாய்தாவில் நிர்வாகம் பதினேழு வருடக் கணக்குக்கு இறங்கி வந்தது.